விமான வாலும் மயில் வாகனமும்

என் வீட்டுக்காரர் கட்டிய விமானம் கடைசிவரை பறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பறக்காத விமானத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கோ அதன் வாலைப் பற்றி மட்டுமே ஒரு நாள் முழுக்கப் பேச முடியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாலோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன்.

அவர் மலாக்கா பட்டணத்தில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் பிட்டராக இருந்தார். யாரோ வெள்ளைக்காரன் தூக்கிப் போட்ட ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சின்ன விமானத்தின் வரைபடம் வந்திருந்தது. ஒரே ஆள் உட்காரும் விமானம். மரச்சட்டமும் துணியும் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் இருந்தால் வீட்டிலேயே கட்டிவிடலாம் என்று அதில் போட்டிருந்ததாம். கட்டிவிடலாம் என்று எழுதினவன் கட்டினானா என்று நான் கேட்டிருக்கிறேன். அவர் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். காஜா பேராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அடுக்களைக் கதவைத் திறந்தால் கொட்டகை நிறைய அதுதான் கிடக்கும். முதன்முதலில் பார்த்தபோது சம்பான் படகு என்று நினைத்து, "மீன் பிடிக்கப் போவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலம்வரை அவர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

சண்டையில் ஜப்பான்காரன் வந்து ஊரைப் பிடிப்பதற்குள் உடம்பு முடிந்திருந்தது, இறக்கை முடிந்திருந்தது. வால்தான் முடியவில்லை. முடியவில்லை என்றால் கட்டவில்லை என்று அர்த்தமில்லை. கட்டிப் பொருத்தி எல்லாம் ஆயிற்று, ஆனால் கோணல். விமானத்தின் பின்னால் குறுக்கே ஒரு சின்ன இறக்கை போலப் படுத்திருக்கும் பலகை இருக்கிறதே, அதன் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. என் கண்ணுக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. சோறு கிண்ணத்தில் ஆறிப்போகும். அவர் கொட்டகை வாசலில் குந்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாலைப் பார்த்தபடி இருப்பார்.

அதை நேராக்கும் வழி எனக்கு மனப்பாடம். முதலில் நடு உடம்பில், இறக்கை வந்து உட்கார வேண்டிய கட்டையின் மேல் ரசமட்டத்தை வைத்து, அடியில் ஆப்பு செருகிச் செருகிக் குமிழை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் மூக்கு நுனியில் அடித்த ஆணியிலிருந்து வாலின் வலது கோடிக்கு ஒரு கயிறு, இடது கோடிக்கு ஒரு கயிறு. இரண்டும் ஒரே நீளம் வந்தால் வால் குறுக்கே திரும்பவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு ரசமட்டத்தை எடுத்துப்போய் வாலின் மேல் வைத்தால், அங்கேயும் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். நிற்காது. வாலைத் தாங்கும் கம்பிகளில் பித்தளைத் திருகுகள் இருந்தன. ஒரு பக்கம் முறுக்கினால் கம்பி இறுகி அந்தக் கோடி எழும்பும், தளர்த்தினால் தாழும். தாழ்ந்ததை எழுப்பப் போனால் கயிற்றின் நீளம் மாறிப்போகும். கயிற்றைச் சரிசெய்தால் குமிழ் ஓடிவிடும். இதற்குக் குறைந்தது நாலு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேர்தான். நான் ஒரு கயிற்றைப் பல்லிலும் ஒரு கயிற்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பல்லில் கயிறு இருக்கும் போதெல்லாம் அவருக்கு நிம்மதி, ஏனென்றால் நான் பேச முடியாது.

ரசமட்டம்கூட எங்களுடையது இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொத்தனார். மலாக்கா செட்டி வம்சம் அவர்கள். நம்மைப்போல் விபூதி பூசி மாரியம்மனைக் கும்பிடுவார்கள், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஒரு வார்த்தை இரண்டு வீட்டுக்கும் பொது. வாரத்தில் ஒருதரமாவது ரசமட்டம் வேலிக்கு மேல் கைமாறும். கொத்தனார் எதற்கு என்று கேட்டதே இல்லை. ஜப்பான்காரன் வந்த பிறகு, சுவர் பார்க்க என்றே என்னவர் சொல்லி வைத்திருந்தார்.

ஜப்பான்காரன் வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பட்டறையோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ரேடியோ வைத்திருந்ததற்காக அடுத்த தெருவில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ரேடியோவுக்கே அந்தக் கதி என்றால் விமானத்துக்கு என்ன கதி? எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்லி நான் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். இறக்கைகளைக் கழற்றினார். துணி கிடைக்காத காலம், இறக்கைத் துணியில் அவருக்குச் சட்டையும் எனக்கு ரவிக்கையும் தைத்தேன். இறக்கைக் கட்டைகள் கட்டிலாயின. ஆனால் உடம்பையும் வாலையும் தொடவிடவில்லை.

"உடைச்சு அடுப்புல வச்சிருங்க," என்றேன். "மரவள்ளிக்கிழங்காவது வேகும்."

"வால் நேராகட்டும். அப்புறம் உடைக்கிறேன்."

"நேரானப்புறம் எதுக்கு உடைக்கணும்?"

"கோணலா இருக்கிறதை உடைச்சா, கோணலாவே செஞ்சேன்னு ஆயிரும்."

இந்த மனிதரிடம் நான் எதைச் சொல்லி வாதாடுவது? எனக்கு அவர் தலை போகும் என்ற கவலை. அவருக்கோ வால் கோணல் என்பது மட்டும்தான் கவலை.

இரண்டாவது வருஷம் ஆயுத பூஜை வந்தது. சுத்தியல், ரம்பம், திருகு, அரம் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பழக்கம்தான், கை தானாகப் போகும். கொட்டகையில் கிடந்ததற்கும் மூக்கில் ஒரு பொட்டு, வாலில் இரண்டு பக்கமும் பொட்டு. எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதுவும் அவர் தொழில்தானே. செம்பருத்திப் பூவும் வைத்துக் கற்பூரம் காட்டினேன். புகை போகட்டும் என்று கொட்டகைக் கதவை விரியத் திறந்து வைத்ததுதான் தப்பாகிப்போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கெபாயாவும் சாரோங்கும், கையில் துடைப்பம். கொட்டகைக்குள் நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, என்றைக்கும் இல்லாத உரத்த குரலில் கேட்டாள்: "இனி டேவா புன்யா கெரெத்தா கா?"

இது சாமியுடைய வண்டியா என்கிறாள். என் வாய் முந்திக்கொண்டது. ஆமாம் அக்கா, முருகனுக்கு மயில் வாகனம், கந்த சஷ்டிக்காகச் செய்கிறார் என்றேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நல்லவேளை, வெகுளி, நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே தெருவில் உள்ள பெண்கள் எல்லாம் பூவும் பழைய வண்ணக் காகிதமுமாக வந்துவிட்டார்கள். முருகனுக்கு மயில் என்றால் சும்மா விடுவார்களா? எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் மூங்கிலை வளைத்து மயிலின் கழுத்தும் தலையும் வைத்தார்கள். தென்னங்கீற்றைப் பின்னி நீலம் தோய்த்து உடம்பு முழுக்கப் போர்த்தினார்கள். ஓட்டுகிறவர் உட்கார வேண்டிய குழியில் முருகன் படம். என்னவர் ஒரு மூலையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். யாரோ வாலில் மாலை போட்டபோது மட்டும் ஓடிவந்து, "அங்கே பாரம் ஏத்தாதீங்க, அம்மா," என்றார். நான் முறைத்த முறைப்பில் திரும்பிப் போனார்.

சில நாளில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். சிப்பாய்கள் இரண்டு பேர், மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், அவர்களுக்குப் பின்னால் எங்கள் தெருவுக்கு ஜப்பான்காரன் நியமித்திருந்த தலைவர். அந்த ஆள்தான் போய்ச் சொல்லியிருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. தெருவில் பாதிப் பேர் எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அக்காவும் வந்தாள்.

மூத்த சிப்பாய் மயிலைச் சுற்றி வந்தான். வாலுக்கு வந்ததும் நின்றான். வால் பலகையின் பின்விளிம்பில் கீல் வைத்து மேலும் கீழும் அசையும் இன்னொரு பலகை உண்டு. விமானம் எழும்பவும் இறங்கவும் அதுதான் வேண்டும் என்பார் என்னவர். சிப்பாய் கீற்றை விலக்கி அந்தப் பலகையை விரலால் தூக்கினான். அது தூக்கிய கைக்கு எழும்பியது. அவன் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னான்.

"மரத்தில் செய்த மயிலுக்கு வால் ஏன் அசைகிறது என்று கேட்கிறார்."

என்னவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அக்கா முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். "வணக்கம் சொல்லத்தான், துவான்," என்றாள் மலாயில். "ஊர்வலம் உங்கள் காவல் சாவடி வழியாகப் போகுமே. மனிதர்கள் எல்லாரும் குனிகிறோம். மயிலும் வாலைத் தாழ்த்திக் குனிய வேண்டாமா?"

சிப்பாய்க்கு அது பிடித்துப்போனது. தானே குனியவைத்துப் பார்க்க ஆசைப்பட்டான் போலிருக்கிறது. பலகையைக் கீழே அழுத்தினான். பாதி தூரம் போனது, கடக்கென்று நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினான். நகரவில்லை. அவன் சிரிப்பு நின்றது.

மொழிபெயர்ப்பாளர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. சஷ்டி ஊர்வலத்தன்று சாவடிக்கு முன்னால் மயில் குனிய வேண்டுமாம். குனியாவிட்டால் இது மயில் இல்லை. அப்போது என்னவென்று இதைச் செய்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாம். கேட்கும் இடம் எது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அவர்கள் போனதும் என்னவர் வாலருகே குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வால் முறுக்கிக்கிட்டிருக்கு. அதனால கீல் மூணும் ஒரே கோட்டுல இல்லை. அதான் பாதியில பிடிக்குது. நேராக்கினா தானா போகும்."

அத்தனை நாள் திட்டித் தீர்த்த அந்தக் கோணல் வால் அன்றைக்கு என் தாலியாகிவிட்டது. அதன் பிறகு கயிற்றைப் பிடி என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானே பல்லில் வைத்துக்கொண்டேன். பட்டறையில் ஜப்பான்காரனுக்கு லாரி பழுதுபார்த்துவிட்டு அவர் வருவார், வெளிச்சம் இருக்கும்வரை முறுக்குவோம், தளர்த்துவோம். கோபம் வந்தால் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று திட்டிவிட்டுத் திரும்பி வருவேன். கடைசியில் ஒருநாள் குமிழ் நடுவில் நின்றது, கயிறும் சரியாக இருந்தது. பலகை மேலேயும் கீழேயும் தடையில்லாமல் போய்வந்தது. உட்காரும் குழியிலிருந்து அதற்கு ஒரு கம்பி போகிறது. கம்பியை இழுத்தால் வால் குனியும். அவர் இழுத்து இழுத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

சஷ்டியன்று விடிந்ததிலிருந்து மழை. அந்த மாதத்து மழை கேட்கவா வேண்டும்? மயிலை மூங்கிலில் கட்டி, தெருக்கோடியில் இருந்த கோயிலுக்கு நனைய நனையத் தூக்கிக்கொண்டு போனோம். மத்தியானம் வானம் வெளுத்தது. புறப்படுமுன் அவர் கம்பியை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். கடக் என்றது. மரம் ஊறி உப்பிவிட்டது.

அவர் இடுப்பிலிருந்து திருகுச் சாவியை எடுத்தார். கோயில் மண்டபத்தில் அத்தனை ஜனங்களுக்கு நடுவில் மயிலின் வாலைச் சாவி போட்டு முறுக்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தத் தெருத் தலைவரின் ஆள் யாராவது நின்றால்? ஆனால் வேறு வழியும் இல்லை. நான் கயிற்றை எடுத்துக்கொண்டு மூக்குப் பக்கம் போனேன்.

அங்கே கொத்தனார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்த கயிற்றை வாங்கி, கீற்றுக்குள் கையை விட்டு, மறைந்திருந்த ஆணியைத் தடவிப் பிடித்து முடிச்சுப் போட்டார். அவருடைய தம்பி இடது கோடிக்குப் போனார். பூக்கட்டுகிற தமிழர் ஒருவர் வலது கோடியில் போய்க் கயிற்றை இழுத்துப் பிடித்தார். இன்னும் இரண்டு பேர் மூங்கிலுக்கு அடியில் ஆப்பு செருகினார்கள். கொத்தனார் தோள்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, யாரையும் கேட்காமல், முருகன் படத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தக் கட்டையின் மேல் வைத்தார். இறக்கை உட்கார வேண்டிய கட்டை. அதன் பிறகு வாலின் மேல் வைத்தார். "கிரி, சிக்கிட்," என்றார். இடது பக்கம் கொஞ்சம் என்று அர்த்தம்.

சுவர் பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கிப்போன ரசமட்டம் அது. வாடகைக்கு இருப்பவன் எந்தச் சுவரை வாராவாரம் பார்ப்பான்? நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்குத் தெரியுமா அக்கா?" என்றேன்.

"என்ன தெரியுமா? நீ கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே உன் புருஷன் எங்கள் எல்லாரிடமும் சொன்னதுதானே. ஒவ்வொருவரையும் ஒருதரம் மடியில் வைத்தாவது ஏற்றிக்கொண்டு கிளேபாங் கடலுக்கு மேலே போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவதாக."

"அப்புறம் ஏன் அன்றைக்குச் சாமி வண்டியா என்று கேட்டாய்?"

"தலைவன் அரிசிக்காக ஆள் கணக்கெடுக்க வந்து என் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். நீயோ கொட்டகையைத் திறந்து வைத்துக் கற்பூரம் காட்டுகிறாய். அவன் காதில் விழட்டும் என்றுதான் உரக்கக் கேட்டேன்." என் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வெகுளி என்று நினைத்தேனே, அந்த வெகுளிதான் என் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். மாட்டிக்கொண்டால் என்னவருக்கு மட்டுமா ஆபத்து? கயிறு பிடித்த கை ஒவ்வொன்றுக்கும் ஆபத்து. தெரிந்தேதான் பிடித்தார்கள். இரண்டு பேர் வருஷக்கணக்காக மல்லாடிய வேலை, அத்தனை கைகள் சேர்ந்ததும் தீபாராதனை முடிவதற்குள் முடிந்துவிட்டது.

ஊர்வலம் கிளம்பியது. எட்டு ஆண்கள் தூக்கினார்கள், செட்டிகளும் நம்மவர்களும் கலந்து. என்னவர் குழிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் கண் வாலை விட்டு அகலவில்லை. எனக்குச் சாவடியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்ததும் மேளம் நின்றது. பெண்கள் எல்லாரும் குனிந்தோம். ஆண்கள் தோளில் மூங்கிலோடு முழங்காலை மடக்கினார்கள். அவர் கம்பியை இழுத்தார். வால் ஓசையில்லாமல் கீழே போயிற்று, மேலே வந்தது.

காவலுக்கு நின்ற சிப்பாய் அன்றைக்கு வந்தவன் இல்லை, யாரோ புதியவன். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சப்பாத்துக்குள் புகுந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான், போங்கள் என்று கையை வீசினான். வாலின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பழைய சிப்பாய் அன்றைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டானோ, மறந்தேவிட்டானோ, அதன் பிறகு யாரும் எங்களைத் தேடி வரவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு உயிர் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரருக்கோ முகம் செத்துவிட்டது. "பார்க்கவே இல்லைலா," என்று முணுமுணுத்தார். நின்று இன்னொருதரம் இழுத்துக் காட்டப் போனார். நான் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளி நடக்க வைத்தேன்.

சாவடி மறையும் திருப்பம் வந்தது. அதைத் தாண்டியதும், யாரும் சொல்லாமலே தூக்கியவர்கள் மயிலை இறக்கி வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"அவன் பார்க்கவில்லை," என்றாள் அக்கா. "நாங்கள் பார்க்கிறோம், தம்பி. இழு."

என்னவர் அவர்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கம்பியை மெதுவாக, கடைசிவரை இழுத்தார். வால் முழுசாகத் தாழ்ந்து அவர்களை வணங்கியது. அவர் கம்பியை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார். பக்கத்தில் நானும் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.